சிறகடிக்காத பறவை

எங்கள் அப்பா தூத்துக்குடியில் மைக் செட் கடை நடத்தினார். ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், பாக்ஸ், சீரியல் செட் எல்லாம் வாடகைக்கு. கல்யாணம், கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தெருவில் எங்கள் குழாய் கட்டியிருக்கும். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு 'எக்கோ' என்பது உப்பு, புளி போலப் புழங்கிய சொல். மெல்லிசைக் கச்சேரி நடக்கும் இரவுகளில் பாடகர் மேடையிலிருந்தே திரும்பி, "அண்ணாச்சி, எக்கோவைக் கொஞ்சம் தூக்குங்க" என்பார். அப்பா ஒரு கறுப்புப் பெட்டியின் குமிழைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்புவார். அதுவரை மேடையில் நின்ற குரல், தெருக்கோடி வரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வருவது போல ஆகிவிடும்.

அதனால்தான் 1988இல் மாமா கொடுத்த கேசட்டை நான் வேறு ஏதோ என்று நினைத்தேன். மாமா, அம்மாவின் அண்ணன், சரக்குக் கப்பலில் ஆயிலர். ஒன்பது மாதம் கடலில் இருப்பார், மூன்று மாதம் ஊரில் இருப்பார். அந்த முறை வந்தபோது சோப்பு, சென்ட், டார்ச் லைட்டோடு ஒரு டிடிகே கேசட்டும் கொண்டுவந்தார். கப்பலில் கூட வேலை பார்த்த ஒருவர் தன்னிடமிருந்த இசைத்தட்டிலிருந்து பதிவு செய்து கொடுத்தது. அட்டையில் ஒரு பக்கத்துக்கு ஐந்து வரி. மறுபக்கத்துக்கு ஒரே ஒரு சொல்தான், பால்பாயின்ட் பேனாவில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: எக்கோஸ்.

எக்கோ பெட்டியைச் சோதித்துப் பார்க்கிற கேசட் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு அப்போது பதினான்கு வயது. கடை சாத்துகிற நேரத்தில், அப்பா வயர் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அதை டெக்கில் போட்டேன்.

முதலில் ஒன்றுமே இல்லை. டேப் ஓடும் சீறல் மட்டும். பிறகு ஒரு ஒலி. ஆழமான கிணற்றில் ஒரு சொட்டு விழுந்து, அந்தச் சொட்டு உடையாமல் அப்படியே மிதந்தால் எப்படி இருக்கும், அது போல ஒன்று. மெல்ல நடுங்கி அடங்கியது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி ஒன்று. மறுபடி இடைவெளி. அந்த இடைவெளிதான் என்னை உட்கார வைத்தது. அடுத்தது எப்போது விழும் என்று காது காத்துக்கொண்டே இருந்தது. சொட்டுகளுக்கு நடுவே ஒரு பியானோ தயங்கித் தயங்கி வந்தது. அதன் பின்னால் கிதார், ஆர்கன், பேஸ், கடைசியில் டிரம். மூன்று நிமிடம் ஆகியும் யாரும் வாய் திறந்து பாடவில்லை. நம் சினிமாப் பாட்டு அதற்குள் பல்லவி முடிந்து, சரணத்தின் பாதி வரை வந்திருக்கும். இங்கே அப்போதுதான் இரண்டு ஆண் குரல்கள் ஒன்றாக, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தபடி, அவசரமே இல்லாமல் பாட ஆரம்பித்தன.

அது பிங்க் ஃபிளாய்ட் என்ற லண்டன் குழுவின் பாட்டு என்றோ, 1971இல் வந்த 'மெடில்' என்ற இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதையும் அந்த ஒரே பாட்டு அடைத்துக்கொண்டிருந்தது என்றோ, 23 நிமிடத்துக்கும் மேல் ஓடும் அதை சைக்கடெலிக் ராக் என்று வகைப்படுத்துவார்கள் என்றோ எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கேசட்டை அன்று முதல் தினமும் கேட்டேன் என்பதுதான்.

சொற்கள்தான் பிடிபடவில்லை. தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு ஒவ்வொரு சொல்லாக எழுதியதில் டேப்பே இரண்டு தடவை சிக்கியது. பென்சிலைக் கொடுத்துச் சுற்றி, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைத்து மறுபடி போட்டேன். 'வேவ்ஸ்' புரிந்தது, அலைகள். 'கேவ்ஸ்' புரிந்தது, குகைகள். கடல் சம்பந்தப்பட்டது என்று தெரிந்தது. ஆனால் பாட்டில் முதலில் வரும் முக்கியமான பெயரை நான் 'ஆல்பர்ட் ராஸ்' என்று எழுதியிருந்தேன். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு ஆல்பர்ட் உண்டு. அதனால் எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. ஆல்பர்ட் ராஸ் என்கிற ஒருவர் தலைக்கு மேலே அந்தரத்தில் அசையாமல் நிற்கிறார். கீழே அலை, அதற்கும் கீழே பவளக் குகை. பிறகு திடீரென்று பாட்டு கரைக்கு வந்துவிடுகிறது. தெருவில் யாரோ இரண்டு பேர் எதிரெதிராக நடந்து போகிறார்கள்.

பவளம் எங்களுக்குப் புதிதில்லை. தூத்துக்குடிக்கு எதிரே கடலில் இருக்கும் தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைதான். அந்தப் பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்திய காலம் உண்டு. சங்கு குளிக்கப் போகிறவர்கள் கீழே பார்த்ததைச் சொல்வார்கள். ஆனால் அந்தரத்தில் நிற்கிற ஆள்? நோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதுல அர்த்தமே இல்லையே" என்றார். இருக்கலாம் என்றுதான் எனக்கும் பட்டது. ஆனாலும் அன்று சாயங்காலமும் அதைத்தான் கேட்டேன். அர்த்தமில்லாத ஒன்று எப்படி ஒவ்வொரு முறையும் என்னை இப்படிப் பிடித்து உட்கார வைக்கிறது என்று யாரிடம் கேட்பது?

மாமா மறுபடி கப்பலேறுவதற்குச் சில நாள் முன்பு, ஒரு ராத்திரி கரன்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். டூ-இன்-ஒன்னில் பேட்டரி இருந்தது. கேசட்டைப் போட்டேன். மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார். இரண்டு பத்தி பாடி முடிந்து, கிதார் ஒரு ஆட்டம் ஆடி ஓய்ந்து, பதினொன்றாவது நிமிடம் தாண்டியதும் பாட்டு இருட்டுக்குள் போகும். காற்று ஊளையிடும். காக்கைகள் கரையும் சத்தம். அதற்கு மேலே, அடிபட்ட ஏதோ ஒரு பெரிய உயிர் நெடுநேரம் ஓலமிடுவது போல ஒரு சத்தம். கீழே கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா அரிக்கேன் விளக்கோடு மேலே வந்துவிட்டார்.

"ஏலே, டேப்பு சிக்கிட்டு. அமத்து."

"இல்லப்பா, பாட்டே இப்படித்தான்."

அவர் நம்பவில்லை. நிறுத்தி, கேசட்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, டேப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு சுருக்கமும் இல்லை. மறுபடி போட்டு, ஸ்பீக்கர் பக்கம் காதை வைத்துக் குந்தினார். பழுது பார்க்கிறவர் கேட்பது மாதிரிதான் கேட்டார். அந்த ஓலம் ஏறி, வளைந்து, இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"இது தொண்டையில வந்த சத்தம் இல்ல. சர்க்யூட்டு ஊளை. மைக்கு ஊளையிடும்லா, அந்த வகை. நாமன்னா ஓடிப்போய் வால்யூமைக் கொறைப்போம். இவன் கொறைக்கல. கயிறு கட்டி நடத்திக் கூட்டிட்டுப் போறான்."

மாமா சிரித்தார். நான் சமயம் பார்த்து ஆல்பர்ட் ராஸ் பற்றிக் கேட்டேன். மாமா பீடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆல்பர்ட்டும் இல்ல, எவனும் இல்ல மருமவனே. அல்பட்ரோஸ். அது ஒரு பறவை."

பிரேசிலில் இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு, ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றி, ஜப்பானுக்குப் போகிற கப்பலில் அவர் வேலை பார்த்திருக்கிறார். அந்தத் தெற்குக் கடலில்தான் அதைப் பார்த்தாராம். இன்ஜின் ரூம் சூட்டிலிருந்து தப்பிக் காற்று வாங்க மேலே வரும்போது, கப்பலுக்குப் பின்னால் அது வந்துகொண்டிருக்கும். சிறகு எவ்வளவு நீளம் என்று காட்ட, பாயில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தார். "இது பத்தாது. உங்கப்பா கையையும் சேத்து விரிக்கணும்" என்றார்.

"மூணு நாளு பின்னாலயே வந்துச்சு. ஒரு தடவகூடச் சிறகடிச்சு நான் பாக்கல. கப்பல் ஓடுது, அலை ஓடுது, காத்து ஓடுது. அது மட்டும் ஆணி அடிச்சு மாட்டின மாதிரி அப்படியே நிக்கும். ராத்திரிப் படுத்தா கண்ணுக்குள்ளயும் நிக்கும்."

நான் நோட்டில் அர்த்தமில்லை என்று அடையாளம் போட்டு வைத்திருந்த வரி அதுதான். அது கற்பனைகூட இல்லை, கண்ணால் கண்டவர்கள் சொல்லும் உண்மை என்று அந்த இருட்டில் தெரிந்தது. பின்னாளில் படித்தபோது அதன் காரணமும் புரிந்தது. பெரிய அல்பட்ரோஸ் இனங்களின் சிறகு விரிப்பு மூன்றரை மீட்டர் வரை போகும். தோளில் இருக்கும் ஒரு தசைநார் விரித்த சிறகைப் பூட்டிக்கொள்வதால், விரித்தபடி வைத்திருக்க அதற்குப் பலம் செலவாவதில்லை. அலையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப் போக அதிகம். அந்த வித்தியாசத்தில் ஏறி இறங்கியே அது பறக்கிறது. கோல்ரிட்ஜ் 1798இல் எழுதிய நீண்ட கவிதையில் ஒரு மாலுமி கொன்று பழி சுமப்பதும் இந்தப் பறவையைத்தான். மாமா கோல்ரிட்ஜைப் படித்ததில்லை. அவருக்குப் பறவையைத் தெரியும்.

அந்த ராத்திரி இன்னொன்றும் சொன்னார். பாட்டின் தொடக்கத்தில் விழும் சொட்டு எதுவென்று.

"கப்பல் அடியில ஒரு கருவி உண்டு. டிங்னு ஒண்ண கீழ அனுப்பும். அது கடல் தரையில தட்டித் திரும்பி வந்தாத்தான் ஆழம் எவ்வளவுன்னு தெரியும். அதுக்குப் பேரே எக்கோ சவுண்டர்தான். இவனும் அப்படித்தாம்ல ஆரம்பிக்கான்."

"அப்ப பதில் எங்க மச்சான்?" என்றார் அப்பா.

"வரும் மாப்ள. இரு."

அப்பாவுக்கும் மாமாவுக்கும் சண்டை எதுவும் கிடையாது. ஆனால் பேச்சும் கிடையாது. ஒருவருக்குக் கடல், ஒருவருக்குக் கடை. எதிரெதிரே உட்கார்ந்தால் "சாப்டாச்சா", "ஆச்சு" என்பதோடு முடிந்துவிடும். அன்று இரண்டு பேரும் ஒரு சின்னப் பெட்டிக்கு முன்னால் குனிந்து காத்திருந்தார்கள். ஊளை தேய்ந்து, காற்றும் காக்கையும் தூரமாகப் போன பிறகு, பதினைந்தாவது நிமிட வாக்கில், ஆர்கனுக்கு மேலே அது மறுபடி விழுந்தது. அதே சொட்டு. மாமா விரலை உயர்த்தினார். அப்பா தலையை ஆட்டினார். அதன் பிறகு பாட்டு அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, வெளிச்சத்தை எட்டி, கடைசிப் பத்தியைப் பாடி முடித்து, மேலே மேலே ஏறிப் போகும் ஒரு குரல் கூட்டத்தில் கரையும் வரை மூவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துச் சென்னையில் ஒலிப்பதிவு வேலைக்கு வந்த பிறகு, அந்தப் பாட்டை எப்படிச் செய்தார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். 1971 தொடக்கத்தில் அபி ரோடு ஸ்டுடியோவுக்குள் அந்த நாலு பேரும் போனபோது கையில் பாட்டு என்று ஒன்றும் இல்லை. தோன்றியதையெல்லாம் துண்டு துண்டாகப் பதிந்தார்கள். அந்தத் துண்டுகளுக்கு அவர்கள் வைத்த பெயரே 'நத்திங்', ஒன்றுமில்லாதது. துண்டுகள் சேர்ந்து உருவம் பெற்றபோது, 'ஒன்றுமில்லாததன் மகன் திரும்பி வருகிறான்' என்ற பொருளில் ஒரு தற்காலிகப் பெயரோடு மேடையில் வாசித்தார்கள். அபி ரோட்டில் அப்போது எட்டு டிராக் கருவிதான் இருந்தது. பதினாறு டிராக் கிடைக்கும் ஏர் ஸ்டுடியோவுக்கு மாறிப்போய் வேலையைத் தொடர்ந்தார்கள்.

அந்தச் சொட்டு ரிச்சர்ட் ரைட்டின் விரலிலிருந்து வந்தது. பியானோவின் உச்சத்தில் ஒரே ஒரு ஸ்வரம். அதை மைக்கில் பிடித்து, லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் வழியாக அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சுழற்சிதான் அதன் நடுக்கம். பிறகு எத்தனையோ முறை வாசித்தும் முதல் தடவை கிடைத்த அந்த ஒலி திரும்பக் கிடைக்கவில்லை என்று டிரம்மர் நிக் மேசன் தன் புத்தகத்தில் எழுதுகிறார். வெள்ளோட்டமாகப் பதிந்த அந்த முதல் ஒலியையே பாட்டின் தலையில் ஒட்டிவைத்தார்களாம்.

அவர்களிடமும் ஒரு எக்கோ பெட்டி இருந்தது. இத்தாலியில் மிலான் நகரத்தில் செய்த பின்சன் எக்கோரெக். எங்கள் கடைப் பெட்டியின் மூடியை அப்பா ஒருநாள் திறந்து காட்டியிருக்கிறார். ஒரு முழம்கூட இல்லாத டேப் வளையம் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு ஹெட் குரலை எழுதும். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு ஹெட் அதைப் படிக்கும். எழுதுவதற்கும் படிப்பதற்கும் நடுவில் டேப் கடக்கிற அந்த இரண்டு விரல்கடை தூரம்தான் எக்கோ. "தூரத்த வாங்கி நேரமா மாத்திக் குடுக்குதுலே இது" என்றார் அப்பா. எக்கோரெக்கில் டேப்புக்குப் பதிலாகக் காந்தக் கம்பி சுற்றிய ஒரு தட்டு சுழலும். படிக்கிற ஹெட் நாலு. வேலை அதேதான்.

அப்புறம் அந்த ஊளை. கிதார் வாசிக்கிறவர் காலால் மிதிக்கிற வா-வா பெடலில் உள்ளே வருகிற வயருக்கு ஒரு துளை, வெளியே போகிற வயருக்கு ஒரு துளை. தவறுதலாக இரண்டையும் மாற்றிச் செருகியபோது பெடலின் சர்க்யூட் தானாகவே அலற ஆரம்பித்திருக்கிறது. டேவிட் கில்மோர் அதைப் பிடுங்கிச் சரியாகச் செருகிவிட்டு மறந்துபோகவில்லை. கிதாரின் குமிழ்களைத் திருப்பித் திருப்பி அந்த அலறலை வளைக்கப் பழகிக்கொண்டார். படித்த அன்றே கடைக்கு போன் போட்டேன். "அப்பா, நீங்க சொன்னதுதான். சர்க்யூட் ஊளைதான். வயரை மாத்திக் குத்திட்டாங்க" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நம்ம பையன் எவனாவது அப்படிக் குத்தியிருந்தா நான் வஞ்சிருப்பேன்" என்றார். பிறகு, "வஞ்சிருக்கக் கூடாது" என்றார்.

அந்தப் பாட்டை அவர்கள் வாசிக்கும் படத்தையும் ஒருநாள் பார்த்தேன். 1971 அக்டோபரில், இத்தாலியின் பொம்பேய் நகர இடிபாடுகளில், ரோமானியர்கள் கட்டிய வட்ட அரங்கில் ஏட்ரியன் மேபன் எடுத்த படம். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிய ஊர் அது. அரங்கம் அதற்கும் நூற்றைம்பது வருஷம் மூத்தது. அத்தனை பெரிய அரங்கில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. நடுவில் புழுதித் தரையில் நாலு பேர். சுற்றி ஆம்ப்ளிஃபயர்களும் ஸ்பீக்கர் பெட்டிகளும், மண்ணில் நெளிந்து கிடக்கும் வயர்களும். 'எக்கோஸ்' இரண்டாகப் பிரிந்து, படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வருகிறது. மற்றவர்கள் அதில் இசையைப் பார்ப்பார்கள். மைக் செட்காரன் மகனுக்குக் கண் முதலில் வயருக்குத்தான் போயிற்று. அரங்கத்தில் போதிய கரன்ட் இல்லாமல் படப்பிடிப்பில் சில நாள் வீணாகி, ஊருக்குள்ளிருந்து தெருத்தெருவாக நீளக் கேபிள் இழுத்து வந்த பிறகுதான் வாசிக்க முடிந்ததாம். கொடைக்குக் கம்பத்திலிருந்து கம்பத்துக்கு வயர் இழுத்து, கூட்டம் சேருவதற்கு முன்னால் காலி மைதானத்தில் அப்பா மைக்கைத் தட்டி "ஹலோ, செக்" சொல்வதும், ஆள் இல்லாத மைதானம் அதைத் திருப்பிச் சொல்வதும் நினைவுக்கு வந்தன. காலி இடத்தில்தான் எக்கோ சுத்தமாகக் கேட்கும். கூட்டம் வந்துவிட்டால் உடம்புகள் ஒலியைக் குடித்துவிடும்.

சொற்களுக்கு வருகிறேன். எழுதியவர் பேஸ் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ். முதலில் அவர் எழுதியது கிரகங்கள் சந்திப்பதைப் பற்றி. விண்வெளிப் பாட்டுக் குழு என்ற முத்திரை தங்கள் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது பிடிக்காமல், வானத்தைக் கடலாக மாற்றினார். லண்டனில் யாரோடும் ஒட்டாமல் வாழ்ந்த நாட்களில், ஜன்னல் வழியாக வேலைக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததிலிருந்து இந்த வரிகள் வந்தன என்று சொல்லியிருக்கிறார். தெருவில் இரண்டு பேர் எதிரெதிரே வருகிறார்கள். ஒரு கணம் பார்வை மோதுகிறது. எதிரில் வருகிறவனிடம் தன்னையே பார்த்துவிடுகிறான் ஒருவன். அவ்வளவுதான் பாட்டின் கரு. பறவையும் பவளமும் அந்த ஒரு கணத்துக்கு நம்மைக் கூட்டிப்போகிற வழி.

அப்படியானால் நேராகவே சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. பாட்டு இதமாக இருக்கிறது, வரிகள்தான் கிறுக்குத்தனம் என்று நண்பர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நேராகச் சொல்லியிருந்தால் நான் அதை ஒரே நாளில் புரிந்துகொண்டு, ஒரே வாரத்தில் மறந்திருப்பேன். விளங்காத சொல்லாக வந்ததால்தான் அதை நோட்டில் எழுதினேன், வாத்தியாரிடம் போனேன், மாமாவிடம் கேட்டேன். அந்தச் சொல் ஆழம் பார்க்க அனுப்பிய ஒலி. அது யாரிடம் போய்த் தட்டுகிறதோ அவரவரிடம் இருப்பதைத்தான் எடுத்துக்கொண்டு திரும்புகிறது. மாமாவைத் தட்டியபோது தெற்குக் கடலின் பறவை வந்தது. அப்பாவைத் தட்டியபோது சர்க்யூட்டின் ஊளை வந்தது. பாட்டு நீளமாக இருப்பதும் அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. போய்த் திரும்ப நேரம் வேண்டும். 2001இல் வந்த ஒரு தொகுப்பில் இதே பாட்டைச் சுமார் பதினாறரை நிமிடமாக வெட்டிச் சேர்த்திருந்தார்கள். கேட்டுப் பார்த்தேன். வெட்டு கச்சிதம்தான். ஆனால் எனக்குக் காத்திருக்க இடம் போதவில்லை.

ரிச்சர்ட் ரைட் 2008 செப்டம்பரில் இறந்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு போலந்தின் க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் கில்மோரும் அவரும் சேர்ந்து 'எக்கோஸ்' வாசித்த பதிவு இருக்கிறது. தலை நரைத்த இரண்டு பேர். அதே இரட்டைக் குரல். நடுவில் கிதாரும் ஆர்கனும் ஒன்று கேட்க ஒன்று சொல்ல என்று போய்க்கொண்டே இருக்கும். 2016இல் கில்மோர் மறுபடி பொம்பேய் அரங்கத்துக்குப் போனார். இந்த முறை பார்வையாளர்கள் இருந்தார்கள். ஆனால் 'எக்கோஸ்' வாசிக்கவில்லை. ரைட் இல்லாமல் அதை வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கு அதில் ஏமாற்றமே இல்லை. பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அதைத் தொடங்கக்கூடாதுதான்.

மாமா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. கடையையும் மூடிவிட்டோம். நாற்பது வருஷம் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவுக்குக் காது மந்தம். உச்ச ஒலிகள் சுத்தமாகக் கேட்காது, கனத்த ஒலிகள் ஓரளவு கேட்கும் என்று டாக்டர் சொன்னார். குக்கர் விசில் அவருக்கு இல்லை, லாரி உண்டு. போன வருஷம் ஆடிக் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, ராத்திரி சாப்பிட்ட பிறகு அவராகவே கேட்டார்: "அந்த ஊளைப் பாட்டு இருக்கா உங்கிட்ட?"

போனில்தான் இருந்தது. கடையிலிருந்து மிஞ்சிய ஒரு பாக்ஸ் ஸ்பீக்கரை மச்சிலிருந்து இறக்கி, தூசி தட்டி, அதில் இணைத்தேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, வலது உள்ளங்கையைப் பெட்டியின் பலகை மேல் வைத்துக்கொண்டார்.

"போட்டுட்டியா?"

போட்டிருந்தேன். முதல் சொட்டு விழுந்து நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது எட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அவருடைய இடது கையை எடுத்து என் மடியில் வைத்து, அடுத்த சொட்டு விழும்போது விரலால் அதன் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு சொட்டுக்கும் தட்டினேன். பேஸ் வந்ததும் பலகை மேலிருந்த உள்ளங்கை தானாக அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு தட்டவில்லை. குரல்கள் வந்து போயின. கிதார் ஆடி ஓய்ந்தது. ஊளை தொடங்கியபோது அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். கேட்டதா, நினைவிலிருந்து எழுந்ததா தெரியவில்லை. "நடத்திக் கூட்டிட்டுப் போறான்" என்று தனக்குள் சொன்னார்.

காற்று அடங்கிக்கொண்டிருந்தது. ஆர்கன் அடியிலிருந்து மெதுவாக எழுந்தது. நான் அவர் கையில் தட்டுவதற்காக விரலை எடுத்தேன். அதற்குள் அவர் விரல் என் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டியது. சொட்டு அப்போதுதான் விழுந்தது.

"வந்துட்டுல்லா?" என்றார்.